‘ஒரு தடவைதானே மச்சி!’ - மெத், எம்.டி.எம்.ஏ. உடலுக்குள் போனால் என்ன நடக்கும்?

ஞாயிறு அதிகாலை 3 மணி. நகரத்து மருத்துவமனை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவு. 26 வயது இளைஞர் ஒருவரை இரண்டு நண்பர்கள் கைத்தாங்கலாக அழைத்து வருகிறார்கள். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருக்கிறது. தாடை இறுகிப் போயிருக்கிறது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 160. “நெஞ்சை அடைக்குது டாக்டர்” என்கிறார்.

டூட்டி டாக்டரின் முதல் கேள்வி: “என்னப்பா எடுத்தீங்க?”

நண்பர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். “ஒண்ணும் இல்ல சார். பீர் மட்டும்தான்.”

இது குறிப்பிட்ட ஒருவரின் கதை இல்லை. எந்தப் பெருநகரத்திலும் நடக்கக்கூடிய காட்சி. ஆனால், அந்த ஒற்றைப் பொய் எவ்வளவு ஆபத்தானது தெரியுமா? அதைப் புரிந்துகொள்ள, அந்த நேரத்தில் அந்த இளைஞரின் உடலுக்குள் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எவை இந்த ‘ஸ்டிமுலன்ட்’கள்?

போதைப்பொருள் என்றாலே மயக்கம், தள்ளாட்டம், தூக்கம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஸ்டிமுலன்ட் வகை இதற்கு நேர் எதிர். மூளையையும் இதயத்தையும் வேகமாக ஓட வைப்பவை இவை. பசிக்காது, தூக்கம் வராது, பேச்சு நிற்காது, களைப்பே தெரியாது. ‘பார்ட்டிக்கு ஓகே, டெட்லைனுக்கும் ஓகே’ என்ற நினைப்பு வருவது இதனால்தான்.

ஆய்வுக்கூடத்தில் ரசாயனங்களைக் கொண்டு தயாரிக்கப்படுபவை செயற்கை ஸ்டிமுலன்ட்கள். அடிக்கடி செய்திகளில் அடிபடும் பெயர்கள் மூன்று. மெத்தபெட்டமைன்: ‘மெத்’, ‘ஐஸ்’, ‘கிறிஸ்டல்’ என்பதெல்லாம் இதுதான். எம்.டி.எம்.ஏ.: ‘எக்ஸ்டஸி’, ‘மோலி’ என்ற பெயர்களில் மாத்திரையாகவோ பொடியாகவோ வருவது. மெஃபட்ரோன்: ‘மியாவ் மியாவ்’ என்றும், மும்பைப் பக்கம் ‘எம்.டி.’ என்றும் சொல்லப்படுவது. எம்.டி. வேறு, எம்.டி.எம்.ஏ. வேறு. ஆனால், வாங்குபவருக்குக் கையில் இருப்பது எது என்று பெரும்பாலும் தெரியாது.

இவை எதுவும் புதுசு இல்லை. ஆம்பெட்டமைன் 1887-லேயே ஜெர்மனியில் தயாரிக்கப்பட்டுவிட்டது. 1893-ல் ஜப்பானிய வேதியியலாளர் நாகாய் நாகயோஷி மெத்தபெட்டமைனைத் தயாரித்தார். எம்.டி.எம்.ஏ. 1912-ல் ஜெர்மனியின் மெர்க் நிறுவனத்தில் பிறந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் வீரர்கள் தூங்காமல் சண்டை போட ‘பெர்விட்டின்’ என்ற மாத்திரை கொடுக்கப்பட்டது. அது மெத்தபெட்டமைன்தான். போர் முடிந்த பிறகு ஜப்பானில் இதற்கு அடிமையானவர்கள் பெருகியதால், 1951-ல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

இன்று மியான்மர், தாய்லாந்து, லாவோஸ் எல்லைகள் சந்திக்கும் ‘தங்க முக்கோணம்’ பகுதியில் மெத் டன் கணக்கில் தயாராகிறது. 2024 நவம்பரில் அந்தமான் கடலில் மியான்மர் படகு ஒன்றிலிருந்து 5 டன்னுக்கும் அதிகமான மெத்தை இந்தியக் கடலோரக் காவல்படை பிடித்தது. வங்காள விரிகுடாவின் அந்தக் கரையில் கிளம்பும் சரக்கு, இந்தக் கரையில் இருக்கும் நமக்கு ரொம்பத் தூரத்துச் சமாச்சாரம் இல்லை.

அந்த ‘எனர்ஜி’ எங்கிருந்து வருகிறது?

நமக்குப் பிடித்த உணவு, பாராட்டு, காதல், இன்கிரிமென்ட் - எது கிடைத்தாலும் மூளையில் டோபமைன் என்ற ரசாயனம் கொஞ்சமாகச் சுரக்கும். வேலை முடிந்ததும் அதை நரம்பு செல் திரும்ப உறிஞ்சி, சின்னச் சின்னப் பைகளில் சேமித்து வைத்துக்கொள்ளும்.

மெத் என்ன செய்கிறது? நரம்பு செல்லுக்குள் நுழைந்து, அந்தப் பைகளில் உள்ள டோபமைனை வெளியே தள்ளுகிறது. அதோடு, டோபமைனை உள்ளே இழுக்க வேண்டிய வாசலை எதிர்த்திசையில் இயங்க வைக்கிறது. அதனால் டோபமைன் வெள்ளமாகக் கொட்டுகிறது. கூடவே நார்அட்ரினலின் எகிறுகிறது. புலியைப் பார்த்து ஓடும்போது சுரக்கும் அதே ரசாயனம். எம்.டி.எம்.ஏ. இதே வேலையை முக்கியமாக செரட்டோனின் மீது காட்டுகிறது. ‘எல்லோரையும் கட்டிப்பிடிக்கணும் போல இருக்கு’ என்று தோன்றுவது அதனால்தான்.

அதாவது, இந்த மருந்துகளில் எனர்ஜி என்று தனியாக எதுவும் இல்லை. மாசம் முழுக்க வர வேண்டிய மளிகையை ஒரே ராத்திரியில் சமைத்துக் கொட்டுவது மாதிரிதான் இது. மறுநாள் டப்பாக்கள் காலி.

இன்னொரு சிக்கலும் உண்டு. மெத்தின் பாதி அளவு உடலை விட்டு வெளியேறவே சுமார் 10 முதல் 12 மணி நேரம் ஆகும். ஆனால், ‘கிக்’ அதற்கு முன்பே இறங்கிவிடும். ‘இறங்கிடுச்சு, இன்னொண்ணு போடலாம்’ என்று எடுக்கும்போது, முதலில் எடுத்தது உள்ளேயே இருக்கிறது. மனசுக்குப் போதை இறங்கிவிட்டாலும், இதயத்துக்கு இறங்கவில்லை.

சூடு: பலரும் கவனிக்காத எமன்

1967 ஜூலை 13. உலகப் புகழ்பெற்ற ‘டூர் டி பிரான்ஸ்’ சைக்கிள் பந்தயம். கொளுத்தும் வெயிலில் மோன்ட் வான்டூ மலையில் ஏறிக்கொண்டிருந்தார் பிரிட்டன் வீரர் டாம் சிம்ப்சன். வயது 29. 1965-ன் உலக சாம்பியன். உச்சியை நெருங்கும்போது தடுமாறி விழுந்தார். மறுபடியும் சைக்கிளில் ஏறினார். மறுபடியும் சரிந்தார். உயிர் பிழைக்கவில்லை. பிரேதப் பரிசோதனையில் அவர் உடலில் ஆம்பெட்டமைனும் மதுவும் இருந்தது தெரியவந்தது.

அவர் உடல் பல முறை ‘போதும், நிறுத்து’ என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தக் குரலைத்தான் ஆம்பெட்டமைன் அமுக்கிவிடும்.

ஸ்டிமுலன்ட்கள் மூன்று வழிகளில் உடலைக் கொதிக்க வைக்கின்றன. தசைகள் ஓயாமல் இயங்கிச் சூட்டை உண்டாக்குகின்றன. தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் அந்தச் சூடு வெளியேற முடிவதில்லை. களைப்பு தெரியாததால் ஆடுபவர் ஆட்டத்தை நிறுத்துவதில்லை. நம்மூர் மே மாத வெயிலையும், காற்றோட்டமில்லாத ஹாலையும், கூட்டத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடல் வெப்பம் 41, 42 டிகிரி செல்சியஸுக்குப் போனால் தசைகள் சிதையத் தொடங்கும். சிதைந்த தசையின் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவது இதற்கான எச்சரிக்கை. அடுத்து கல்லீரல் பாதிக்கப்படும். ரத்தம் உறையும் முறையே குலையும். இதைச் சாதாரணக் காய்ச்சல் என்று நினைத்து பாராசிட்டமால் கொடுத்தால் பலன் இருக்காது. உடலை வெளியிலிருந்து வேகமாகக் குளிர்விப்பது ஒன்றுதான் வழி.

‘நிறைய தண்ணி குடிச்சா சரியாயிடும்’ - உண்மையா?

இல்லை. இதுவே ஒரு உயிரைப் பறித்திருக்கிறது. 1995-ல் பிரிட்டனில் ஒரு பெண் தன் 18-வது பிறந்தநாள் கொண்டாட்டத்தில் எக்ஸ்டஸி மாத்திரை சாப்பிட்டார். ‘தண்ணீர் குடிக்க வேண்டும்’ என்று கேள்விப்பட்டிருந்ததால் ஒன்றரை மணி நேரத்துக்குள் சுமார் 7 லிட்டர் தண்ணீர் குடித்தார். மூளை வீங்கி இறந்துபோனார். அந்த நாட்டையே உலுக்கிய மரணம் அது.

காரணம் இதுதான்: எம்.டி.எம்.ஏ., சிறுநீர் வெளியேறுவதைத் தடுக்கும் ஹார்மோனைத் தூண்டுகிறது. குடித்த தண்ணீர் உள்ளேயே தங்கி, ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகிறது. அதனால் மூளை செல்களுக்குள் தண்ணீர் புகுந்து மூளை வீங்குகிறது. தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு, கோமா என்று வரிசையாகப் போகும். ஆக, தண்ணீரே குடிக்காவிட்டாலும் ஆபத்து, அளவில்லாமல் குடித்தாலும் ஆபத்து.

‘எனக்கு 26 வயசுதானே, ஹார்ட்டுக்கு என்ன?’

நார்அட்ரினலின் எகிறும்போது பி.பி. சட்டென்று உயரும், இதயம் தாறுமாறாகத் துடிக்கும். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் இறுகிச் சுருங்கும். குழாயில் கொழுப்பு அடைப்பே இல்லாத இளைஞருக்கும் ஹார்ட் அட்டாக் வருவது இப்படித்தான். துடிப்பின் தாளம் தவறினால் சில நிமிடங்களில் மரணம் வரலாம். உயர்ந்த பி.பி. தாங்காமல் மூளையில் ரத்தக் குழாய் வெடித்தால், பக்கவாதம்.

பிறவியிலேயே இதயத்திலோ மூளை ரத்தக் குழாயிலோ ஒரு சின்னக் குறை இருந்து, அது இத்தனை வருஷம் வெளியே தெரியாமலே இருந்திருக்கலாம். ‘முதல் தடவை’யிலேயே அது வெளிப்படலாம். நண்பனுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உங்களுக்கான கேரன்டி இல்லை.

தொடர்ந்து எடுப்பவர்களுக்கு இதயத் தசையே தளர்ந்து, பம்ப் செய்யும் சக்தி குறையும். முப்பதுகளிலேயே மாடிப்படி ஏற மூச்சு வாங்கும். வாய் உலர்வதாலும், பல்லை நறநறவென்று கடிப்பதாலும் பற்கள் சொத்தையாகி உடையும். ஊசியாகப் போட்டுக்கொள்பவர்களுக்கு எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி அபாயம் தனி. கர்ப்பிணிகள் எடுத்தால் குறைப்பிரசவமும், எடை குறைந்த குழந்தையும் பிறக்கும் அபாயம் அதிகம்.

மனசுக்கு என்ன ஆகும்?

இரண்டு மூன்று நாள் தூங்காமல் மெத் எடுத்தவர்களுக்கு, யாரோ பின்தொடர்கிறார்கள், போனை ஒட்டுக் கேட்கிறார்கள், நண்பர்கள் சதி செய்கிறார்கள் என்ற சந்தேகம் வரும். இல்லாத குரல்கள் கேட்கும். தோலுக்கு அடியில் பூச்சி ஊர்வது போலிருக்கும். சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொள்பவர்கள் உண்டு. பலருக்கும் சில நாட்களில் இது அடங்கும். சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். வீட்டில் இருப்பவர்கள் ‘பேய் பிடிச்சிருக்கு’ என்று மந்திரிக்கக் கூட்டிப் போவதற்குள் பொன்னான நேரம் போய்விடும்.

போதை இறங்கிய பிறகு வருவது ‘கிராஷ்’. நாள் முழுக்கத் தூக்கம், அடங்காத பசி, எதிலும் பிடிப்பில்லாத வெறுமை. தற்கொலை எண்ணம் தலைதூக்குவதும் இந்தக் கட்டத்தில்தான். வார இறுதிக்குப் பிறகு உங்கள் நண்பர் இப்படி முடங்கிக் கிடந்தால், ‘சோம்பேறி’ என்று கிண்டல் செய்யாமல் பக்கத்தில் இருங்கள்.

எதோடு சேர்ந்தால் இன்னும் ஆபத்து?

மனச்சோர்வுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் சில மாத்திரைகள், வலி நிவாரணியான டிரமடால், இருமல் மருந்துகளில் உள்ள டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் - இவையும் செரட்டோனினைக் கூட்டுபவை. எம்.டி.எம்.ஏ.வோடு இவை சேர்ந்தால் ‘செரட்டோனின் சிண்ட்ரோம்’ வரலாம். கை கால் உதறல், உடல் விறைப்பு, கடும் வியர்வை, வயிற்றுப்போக்கு, அதிக ஜுரம் இதன் அறிகுறிகள். உடனே கவனிக்காவிட்டால் உயிரே போகும்.

மதுவோடு சேர்த்தால்? ஸ்டிமுலன்ட் இருக்கும்போது மதுவின் போதை தெரியாது. ‘ஸ்டெடியாத்தான் இருக்கேன்’ என்று இன்னும் குடிப்பார்கள். பைக் சாவியையும் எடுப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வாங்கிய பொடியில் என்ன இருக்கிறது என்பதற்கு லேபிள் கிடையாது. பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று என்பது இந்தச் சந்தையில் சர்வசாதாரணம்.

‘டாக்டர்களே இதை மருந்தா கொடுக்கிறாங்களே?’

நியாயமான கேள்வி. கவனக்குறைவு, அதீத இயக்கம் உள்ளவர்களுக்கு மெத்தில்ஃபெனிடேட் போன்ற ஸ்டிமுலன்ட் மருந்துகள் தரப்படுவது உண்மை. ஆனால், அங்கே அளவு தெரியும், தூய்மை தெரியும், பி.பி., இதயத் துடிப்பு கண்காணிக்கப்படும். எம்.டி.எம்.ஏ.வை மன அதிர்ச்சி நோய்க்குப் பயன்படுத்த 2023 ஜூலை முதல் ஆஸ்திரேலியா கட்டுப்பாடுகளோடு அனுமதித்தது. 2024 ஆகஸ்ட்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ‘ஆதாரம் போதாது’ என்று அனுமதி மறுத்தது. டாக்டர் கண்காணிப்பில் நடக்கும் சிகிச்சையை, பார்ட்டியில் யாரோ கையில் வைக்கும் மாத்திரையோடு ஒப்பிடவே முடியாது.

அவசரத்தில் என்ன செய்ய வேண்டும்?

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தொட்டால் சுடும் உடம்பு, வலிப்பு, குழப்பமான பேச்சு, திடீர்த் தலைவலி, ஒரு பக்கம் கை கால் செயலிழப்பு - இதில் ஒன்று தெரிந்தாலும் போதும்.

* உடனே 108-க்கு அழையுங்கள். ‘தூங்கினா தெளிஞ்சிடும்’ என்று காத்திருக்காதீர்கள்.
* குளிர்ந்த, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றுங்கள். இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள். ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, விசிறி விடுங்கள்.
* மயக்கத்தில் இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.
* மோர், எலுமிச்சை ஜூஸ், உப்புத் தண்ணீர் என்று வாயில் எதையும் ஊற்றாதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.
* முரண்டு பிடித்தால் குப்புறப் போட்டு அமுக்காதீர்கள். மூச்சு நின்றுவிடலாம். மெதுவாகப் பேசுங்கள். சத்தத்தையும் வெளிச்சத்தையும் குறையுங்கள்.

டாக்டரிடம் உண்மையைச் சொல்வது ஏன் அவ்வளவு முக்கியம்?

ஹெராயின் போன்ற ஓபியாய்டுகள் அளவு மீறினால் ‘நாலோக்ஸோன்’ என்ற முறிவு மருந்து இருக்கிறது. மெத்துக்கோ எம்.டி.எம்.ஏ.வுக்கோ அப்படி ஒரு முறிவு மருந்து இல்லை. சூட்டைத் தணிப்பது, மூளையை அமைதிப்படுத்தும் ஊசி போடுவது, பி.பி.யையும் சோடியத்தையும் சீராக்குவது என்று ஒவ்வொன்றாகத்தான் சமாளிக்க வேண்டும். என்ன எடுத்தார் என்று தெரிந்தால்தான் எதில் தொடங்குவது என்று டாக்டருக்குத் தெரியும். சோடியம் குறைந்தவருக்குத் தவறான ட்ரிப்ஸ் ஏற்றினால் மூளை வீக்கம் கூடும். சாதாரண நெஞ்சுவலிக்குக் கொடுக்கும் சில மருந்துகளை, ஸ்டிமுலன்ட் எடுத்தவருக்கு யோசித்துத்தான் கொடுப்பார்கள்.

‘போலீஸுக்குச் சொல்லிட்டா? வீட்டுக்குத் தெரிஞ்சிட்டா? வேலை போயிட்டா?’ - இந்தப் பயம்தான் அந்தப் பொய்யைச் சொல்ல வைக்கிறது. பயம் அர்த்தமில்லாததும் இல்லை. மருத்துவமனை இதைச் சட்டம் சார்ந்த வழக்காகப் பதிவு செய்ய வாய்ப்பு உண்டு. போதைப்பொருள் பயன்படுத்துவது 1985-ம் ஆண்டின் என்.டி.பி.எஸ். சட்டப்படி குற்றம்தான். ஆனால், அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய போதை அடிமை, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு தருகிறது. வழக்கை வக்கீல் வைத்து நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். 42 டிகிரி சூடு நாளை வரை காத்திருக்காது.

விட்டுவிட முடியுமா?

முடியும். மெத் பழக்கத்தை நிறுத்தவென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இதுவரை இல்லை. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் உளவியல் சிகிச்சையும், போதை எடுக்காத ஒவ்வொரு வாரத்துக்கும் சின்னப் பரிசு கொடுத்து ஊக்கப்படுத்தும் முறையும்தான் நல்ல பலன் தருகின்றன. மெத்தை விட்டவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்ததில், ஓராண்டுக்கு மேல் விலகி இருந்தவர்களுக்கு டோபமைன் அமைப்பு பெருமளவு மீண்டிருந்தது. நினைவாற்றல் அதே வேகத்தில் திரும்பவில்லை. அதனால், எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவு நல்லது.

போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு ‘டெலி மானஸ்’ 14416. இரண்டும் கட்டணமில்லாதவை. உங்களுக்காக மட்டுமல்ல, தம்பிக்காக, ரூம்மேட்டுக்காக, பக்கத்து சீட் நண்பருக்காகவும் பேசலாம்.

மறுபடியும் அந்த அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோம். டாக்டர் கேட்ட கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. இந்த முறை நண்பர்களில் ஒருவர் முன்னால் வருகிறார்.

“சார், பதினோரு மணிக்கு ஒரு மாத்திரை போட்டான். எக்ஸ்டஸின்னு சொன்னாங்க. ஒரு மணிக்கு இன்னொண்ணு. கூட ரெண்டு பீர். நிறைய தண்ணி குடிச்சான். ஆறு மாசமா டிப்ரஷனுக்கு மாத்திரை சாப்பிடுறான்.”

என்ன, எப்போது, எவ்வளவு, கூட வேறு என்ன. இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகாது. நண்பனுக்காக அந்த நேரத்தில் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதுதான்.